நிலைப்பொருள் புதுப்பிப்பும் நின்றுபோன வட்டு இயக்கிகளும்

ஒளிவட்டுகளில் பதிந்த ஒலியையும் படத்தையும் படித்துத் தரும் மின்னணுக் கருவி வட்டு இயக்கி எனப்படும். பேச்சு வழக்கில் சிடி பிளேயர், டிவிடி பிளேயர், புளூ-ரே பிளேயர் என்று வட்டின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. இக்கருவியை உள்ளிருந்து நடத்தும் நிரல் நிலைப்பொருள் ஆகும். அந்த நிரலை உற்பத்தியாளர் திருத்தி மீண்டும் வெளியிடுவது நிலைப்பொருள் புதுப்பிப்பு எனப்படுகிறது. குறையைக் களைய வந்த புதுப்பிப்பே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவியை நிறுத்திவிட்ட நிகழ்வுகள் பல உண்டு. அவற்றுள் உலக அளவில் பேசப்பட்டவற்றையும், அவற்றின் காரணங்களையும், இத்தகைய பழுதைப் படிப்படியாகக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டும் ஒளியும்

சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய குறுவட்டு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1993 இல் வீடியோ சிடியும், 1996 இல் டிவிடியும், 2006 இல் புளூ-ரேயும் அறிமுகமாயின. இவை அனைத்தும் 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உடையவை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் படிக்கும் ஒளி வேறுபடும். குறுவட்டுக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர், புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி பயன்படுகிறது. அலைநீளம் குறையக் குறைய, சிறிய குழிகளையும் படிக்க இயலும். இதனால் 700 மெகாபைட் கொண்ட குறுவட்டின் அளவிலேயே டிவிடியில் 4.7 கிகாபைட்டும், புளூ-ரேயில் ஒரு படலத்துக்கு 25 கிகாபைட்டும் அடங்குகின்றன.

லேசரை எங்கே குவிப்பது, வட்டை எவ்வளவு வேகத்தில் சுழற்றுவது, படித்த எண்களை எவ்வாறு படமாக்குவது, தொலைக்கட்டுப்பாட்டுப் பொத்தானுக்கு என்ன செய்வது ஆகிய அனைத்தையும் முடிவு செய்வது நிலைப்பொருளே.

நிலைப்பொருள் என்பது என்ன

நிலைப்பொருளைக் குறிக்கும் ஃபர்ம்வேர் என்னும் ஆங்கிலச் சொல்லை 1967 இல் ஆஷர் ஓப்லர் என்பவர் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்ற பொருளில் அச்சொல் அமைந்தது. தொடக்ககாலக் கருவிகளில் நிலைப்பொருள் தொழிற்சாலையிலேயே சில்லில் எழுதப்பட்டது. வாங்கியவர் அதை மாற்ற இயலாது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுஓக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் இந்நிலையை மாற்றியது. மின்சாரம் இல்லாதபோதும் எழுதியதைக் காத்து, தேவைப்பட்டால் அழித்து மீண்டும் எழுத இடம் தரும் நினைவகம் இது.

இவ்வசதியே இடருக்கும் காரணமாயிற்று. புதிய நிரலை எழுதுவதற்குப் பழையதை அழிக்க வேண்டும். அழித்த பின்பும் எழுதி முடிப்பதற்கு முன்பும் மின்சாரம் நின்றால், கருவியிடம் பழைய நிரலும் இராது, புதிய நிரலும் இராது. ஆற்றைக் கடக்கும்போதே பாலத்தின் பலகையை மாற்றுவது போன்ற வேலை அது. இதனால் கவனமாக வடிவமைக்கப்பட்ட கருவிகளில், அழிக்கப்படாத ஒரு சிறு தொடக்க நிரல் தனியே வைக்கப்படுகிறது. முதன்மை நிரல் கெட்டாலும் அது விழித்தெழுந்து, யுஎஸ்பி வழியாக நல்ல நிரலை ஏற்றிக்கொள்ளும். இந்த ஏற்பாடு இல்லாத கருவி வெறும் செங்கல்லுக்குச் சமம் என்பதால், இவ்வாறு முடங்குவதைச் செங்கல்லாதல் என்றே தொழில்நுட்ப வட்டாரத்தில் குறிப்பிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் வட்டு இயக்கிகள்

தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் பரவியது வீடியோ சிடியாகும். ஒரு வட்டில் சுமார் 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால், இரண்டரை மணி நேரத் தமிழ்த் திரைப்படம் இரண்டு அல்லது மூன்று வட்டுகளாக விற்கப்பட்டது. 2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல இலட்சம் வீடுகளை அடைந்தன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற முனைகளுடைய மூன்று வயர்களால் டிவிடி பிளேயர் அவற்றோடு இணைக்கப்பட்டது. அதே காலத்தில் மோசர் பேயர் நிறுவனம் உரிமம் பெற்ற திரைப்படங்களை வீடியோ சிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்ற விலையில் விற்கத் தொடங்கியது. திருட்டு வட்டுகளைத் தடுக்க 2004 இலேயே குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டிருந்தது.

திரைப்படத்தைக் காட்டிலும் மதிப்புடைய வட்டுகளும் வீடுகளில் இருந்தன. திருமணம், காதுகுத்து, கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றை உள்ளூர் ஒளிப்பதிவாளர்கள் படமாக்கி வட்டில் பதிந்து கொடுத்தனர். இவற்றுக்குக் கடையில் மறுபடி கிடையாது. இயக்கி நின்றுவிட்டால் ஒரு குடும்பம் இழக்க அஞ்சுவது இவ்வட்டுகளையே.

வட்டில் வந்த புதுப்பிப்பு

2000க்குப் பின் சந்தைக்கு வந்த விலை குறைந்த டிவிடி பிளேயர்கள் பலவும் மீடியாடெக், சன்பிளஸ், இஎஸ்எஸ், சோரன் போன்ற சில நிறுவனங்களின் சில்லுகளையே கொண்டிருந்தன. வெளிப்பெட்டியின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளிருப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. புதிய காணொலி வடிவங்களைப் படிக்கவும், மண்டலக் குறியீட்டுத் தடையை நீக்கவும் பயனர்கள் நிலைப்பொருளை மாற்ற முயன்றனர். டிவிடியில் இந்தியா 5 ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் வாங்கிய 1 ஆம் மண்டல வட்டு இந்தியக் கருவியில் ஓடாது.

புதிய நிரல் கோப்பை வெற்றுக் குறுவட்டில் எழுதி இயக்கியில் இடுவதே அக்கால வழி. சில்லு ஒன்றாக இருந்தாலும் முன்பலகையும் தொலைக்கட்டுப்பாடும் மாதிரிக்கு மாதிரி வேறுபட்டன. தவறான மாதிரிக்குரிய கோப்பை ஏற்றியபோது, எண்காட்டி அணைவதும், பொத்தான்கள் மாறி வேலை செய்வதும், தட்டு திறக்காமல் போவதும் நேர்ந்தன. தட்டு திறக்காவிட்டால் சரியான கோப்புள்ள வட்டையும் உள்ளே வைக்க இயலாது. இந்தச் சிக்கலே இவ்வகைப் பழுதின் அடிப்படை இயல்பைக் காட்டுகிறது. மருந்தை உட்கொள்ளும் வாயே மூடிக்கொண்ட நிலை அது.

புளூ-ரே: புதுப்பிப்பு கட்டாயமான காலம்

டிவிடி வரையில் புதுப்பிப்பு விருப்பம் சார்ந்ததாக இருந்தது. புளூ-ரே அதைத் தேவையாக்கிற்று. வணிகப் புளூ-ரே வட்டுகள் ஏஏசிஎஸ் என்னும் மறைகுறி முறையால் பூட்டப்பட்டவை. திருடப்பட்ட திறவுகோலைப் பிந்திய வட்டுகள் ஏற்காதபடி செய்ய அம்முறையில் வழி உண்டு. 2007 ஏப்ரலில் கணினியில் படம் பார்க்க உதவும் மென்பொருள் ஒன்றின் திறவுகோல் இவ்வாறு நீக்கப்பட்டது. அதன் பயனர்கள் புதுப்பித்தால்தான் புதிய வட்டுகளைக் காண முடிந்தது. 2010 ஏப்ரலில் அவதார் திரைப்படம் புளூ-ரேயில் வெளிவந்தபோது, பல இயக்கிகள் அதைப் படிக்க மறுத்தன. நிலைப்பொருளைப் புதுப்பித்த பின்னரே படம் ஓடியது.

விலை கொடுத்து வாங்கிய வட்டை, விலை கொடுத்து வாங்கிய கருவியில் காண்பதற்கும் உற்பத்தியாளரின் தொடர்ந்த ஆதரவு தேவை என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று. இயக்கிகள் இணையத்தோடு இணைக்கப்பட்டதால், பயனர் கேளாமலே கோப்புகள் வந்து சேரும் வழியும் திறந்தது.

பிளேஸ்டேஷன் 3 நிகழ்வுகள்

சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி புளூ-ரே இயக்கியாகவும் பரவலாகப் பயன்பட்டது. 2008 ஜூலை 2 அன்று அதற்கு 2.40 எண்ணுள்ள புதுப்பிப்பு வெளியானது. அதை ஏற்றிய சில கருவிகளில் முகப்புப் பட்டியல் தோன்றவில்லை. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, ஜூலை 8 அன்று 2.41 ஐ வெளியிட்டது. 2013 ஜூனில் வந்த 4.45 புதுப்பிப்பிலும் இதே போன்ற முடக்கம் நேர்ந்து, அதுவும் திரும்பப் பெறப்பட்டு 4.46 வெளியிடப்பட்டது.

இவற்றுக்கு இடையே 2010 மார்ச் 1 அன்று பழைய மாதிரிகள் பல செயலிழந்தன. அன்று எந்தப் புதுப்பிப்பும் வரவில்லை. கருவியின் உட்கடிகாரம் 2010 ஐ லீப் ஆண்டு எனத் தவறாகக் கணக்கிட்டதே காரணம். ஒரு நாள் கடந்ததும் சிக்கல் தானாக நீங்கியது. கருவி நின்றதும் புதுப்பிப்பையே குற்றவாளியாக்குவது எப்போதும் சரியன்று என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

2020 ஜூன் நிகழ்வு

வட்டு இயக்கி வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட முடக்கம் 2020 ஜூன் 18 அளவில் தொடங்கியது. பல நாடுகளில் சாம்சங் நிறுவனத்தின் புளூ-ரே இயக்கிகளும் வீட்டுத் திரையரங்க அமைப்புகளும் தாமாகவே அணைந்து, மீண்டும் மீண்டும் தொடங்கின. வட்டு இல்லாவிட்டாலும் இதே நிலைதான். பொத்தான் எதுவும் பயன்படவில்லை. அமெரிக்காவில் முதல் புளூ-ரே இயக்கியை 2006 இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே நிறுவனமே. 2019 இல் அந்நாட்டில் புதிய மாதிரிகளை வெளியிடுவதை அது நிறுத்தியிருந்தது.

முதலில் பலரும் நிலைப்பொருள் புதுப்பிப்பே காரணம் என்றனர். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதே காரணம் என்று வேறு சிலர் கருதினர். ஒரு மாதத்துக்குப் பின் வெளிவந்த தொழில்நுட்ப ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இணையத்தோடு இணைந்த இயக்கிகள், எந்தெந்தப் பயன்பாட்டுத் தகவல்களைப் பதிவு செய்வது என்று சொல்லும் ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பை நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து பெற்றுத் தம் ஃபிளாஷ் நினைவகத்தில் சேமித்து வந்தன. அந்த நாளில் வந்த கோப்பில் ஒரு பட்டியல் வெறுமையாக இருந்தது. பட்டியலில் ஏதேனும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல், வெறுமையைக் கண்டதும் நிலைகுலைந்தது. நிரல் நின்றதால் கருவி மறுபடி தொடங்கியது. தொடங்கியதும் சேமித்த அதே கோப்பைப் படித்தது, மறுபடியும் நின்றது.

திருத்திய நிரலைப் பெறும் கட்டத்துக்கு முன்பே இந்நிலைகுலைவு நேர்ந்ததால், இணையம் வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ பயனரால் சரி செய்ய இயலவில்லை. பாதிக்கப்பட்ட கருவிகளைப் பழுதுநீக்கத்துக்கு அனுப்புமாறு நிறுவனம் கேட்க வேண்டியதாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் இருந்த காலம் அது. சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் ஜூன் 19 முதல் முழு ஊரடங்கு நடப்பிலிருந்தது. படம் காட்டும் பணிக்குத் தொடர்பே இல்லாத, பயன்பாட்டைக் கண்காணிக்கும் கோப்பு ஒன்று படம் காட்டும் கருவியையே நிறுத்தியது என்பதே இந்நிகழ்வின் பாடம்.

கீரிப்பாறையும் மலையடிவாரச் சூழலும்

பழுதை ஆராயும்போது கருவி இருக்கும் இடமும் கருதத்தக்கது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாஞ்சில் நாட்டு வயல்வெளி முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலை எழும் பகுதியில் கீரிப்பாறை அமைந்துள்ளது. நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாக இவ்வூரை அடையலாம். காளிகேசம் இதன் அருகில் உள்ளது. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இப்பகுதியில் உள்ளன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. ரப்பர் மரங்களின் நிழலும் மழையும் சேர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியில் காற்றில் ஈரம் நிலைத்திருக்கும்.

ஈரம் மின்னணுக் கருவிக்குப் பகை. லேசர் வில்லையில் பூஞ்சை படர்கிறது. இணைப்பு முனைகள் துருப்பிடிக்கின்றன. இடிமழைக் காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் மின்வழங்கிப் பலகை பழுதாகிறது. 2017 நவம்பர் 30 அன்று தாக்கிய ஒக்கிப் புயலில் மாவட்டம் முழுவதும் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, மின்சாரம் பல நாள் நின்றது. இத்தகைய ஊரில், புதுப்பித்த மறுநாள் நின்ற கருவி புதுப்பித்ததால்தான் நின்றது என்று உடனே முடிவு செய்வது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகலாம். இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது உண்மை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது நிறுவப்பட வேண்டியது.

பழுதைக் கண்டறியும் முறை

பழுதுநீக்குவோர் பின்பற்றும் வரிசை எளிதானது. செலவில்லாத சோதனை முதலிலும், திரும்பப் பெற முடியாத செயல் இறுதியிலும் அமைய வேண்டும்.

1. மின்செருகியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டுவைத்து மீண்டும் இணைத்தல். தற்காலிக நினைவகத்தில் ஏற்பட்ட குழப்பம் இதனால் நீங்கும்.

2. இணைய வயர், யுஎஸ்பி, வட்டு ஆகிய அனைத்தையும் நீக்கித் தனியே இயக்கிப் பார்த்தல். இவற்றுள் ஒன்றை நீக்கியதும் கருவி ஓடினால் காரணம் அங்கே உள்ளது.

3. அறிகுறியைப் பிரித்தறிதல். விளக்கே எரியாவிட்டால் மின்வழங்கியை ஐயுற வேண்டும். பட்டியல் தோன்றி வட்டு மட்டும் படிக்கப்படாவிட்டால் லேசர் வில்லையை ஐயுற வேண்டும். முகப்புப் படத்தோடு நின்றாலோ, தொடங்கித் தொடங்கி அணைந்தாலோ நிலைப்பொருளை ஐயுறலாம்.

4. பல வகை வட்டுகளை இட்டுப் பார்த்தல். குறுவட்டு ஓடி டிவிடி ஓடாவிட்டால், அந்த ஒளிக்குரிய லேசர் தளர்ந்திருக்கக் கூடும். நிரல் மாற்றத்தால் பயனில்லை.

5. பட்டியல் தோன்றுமாயின், தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல்.

6. உற்பத்தியாளர் வெளியிட்ட நிலைப்பொருளை யுஎஸ்பி வழியாக மீண்டும் ஏற்றுதல். பெட்டியின் பின்புறத்திலுள்ள முழு மாதிரி எண்ணும் நாட்டுக்குரிய பதிப்பும் பொருந்த வேண்டும். பொதுவாக யுஎஸ்பி ஃபேட்32 அமைப்பில் இருக்க வேண்டும். மின்வெட்டு அஞ்சப்படும் நேரத்திலும் இடி மழையின்போதும் இதைச் செய்யலாகாது. யுபிஎஸ் இருந்தால் அதன் வழியாகவே செய்தல் நலம்.

7. இவை யாவும் பயன்படாவிட்டால் பழுதுநீக்குநரிடம் ஒப்படைத்தல். பல கருவிகளில் நிலைப்பொருள் எட்டுக் கால்களுடைய ஒரு சிறிய நினைவகச் சில்லில் உள்ளது. அதைப் பலகையிலிருந்து எடுத்து, நிரல் எழுதும் கருவியால் நல்ல நிரலை எழுதி மீண்டும் பற்றவைக்க இயலும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் இவ்வேலைக்குரிய கருவிகள் கிடைக்கின்றன.

பெட்டியை வீட்டில் திறப்பது தவிர்க்கத்தக்கது. செருகியைக் கழற்றிய பின்னும் மின்வழங்கியின் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். லேசர் ஒளியை நேரே காண்பது கண்ணுக்குத் தீங்கு.

பழுதுநீக்கும் உரிமை

கருவி வாங்கியவருடையது, அதனுள் இருக்கும் நிரல் யாருடையது என்ற கேள்வி இந்நிகழ்வுகளால் எழுந்தது. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், ஊர்திகள் ஆகிய துறைகள் அதில் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று இதற்கான இணையவாசல் தொடங்கப்பட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகவும் முறையிடலாம்.

உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திய பின் கருவிகளின் நிலை என்ன என்பது தொடரும் சிக்கலாகும். ஓப்போ டிஜிட்டல் நிறுவனம் 2018 ஏப்ரலில் இயக்கிகள் தயாரிப்பதை நிறுத்தியபோது, விற்ற கருவிகளுக்குப் புதுப்பிப்பும் பழுதுநீக்கமும் தொடரும் என அறிவித்தது. எல்லா நிறுவனங்களிடமும் இதை எதிர்பார்க்க இயலாது. இந்தியாவில் மலிவு விலை வட்டுகளைப் பரப்பிய மோசர் பேயரே 2018 இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது.

வட்டுகளைக் காத்தல்

இயக்கி நின்றதால் வட்டு அழிந்துவிடவில்லை என்பதை முதலில் உணர வேண்டும். உள்ளூரில் பதிந்து கொடுக்கப்பட்ட திருமண வட்டுகளில் பொதுவாக மறைகுறிப் பூட்டு இராது. வேறொரு இயக்கியிலோ கணினியிலோ அவை ஓடும். அவற்றை வன்தட்டுக்குப் படியெடுக்கவும் தடையில்லை. பழுதான கருவிக்குள் வட்டு சிக்கியிருந்தால், கருவியைப் பழுதுநீக்கக் கொடுக்கும்போதே வட்டை முதலில் எடுத்துத் தருமாறு சொல்ல வேண்டும்.

வீட்டில் பதியப்பட்ட வட்டுகள் அச்சிடப்பட்ட திரைப்பட வட்டுகளைப் போல நீடிப்பவை அல்ல. அவற்றில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கின்றன. வட்டுகளை உறையிலிட்டு நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வைத்தல் நலம். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கலாகாது.

எனினும் பாதுகாப்பான வழி, வட்டும் இயக்கியும் நல்ல நிலையில் இருக்கும்போதே படியெடுத்து, இரண்டு இடங்களில் வைப்பதாகும். நிலைப்பொருளைத் திரும்ப எழுதலாம். இயக்கியைப் புதிதாக வாங்கலாம். மறைந்த பாட்டியின் குரல் பதிந்த வட்டு சிதைந்துவிட்டால் அதைத் திரும்ப எழுத எந்தக் கருவியும் இல்லை.